தந்தை செல்வாவின் கையொப்பம்



சொல்லைப் போற்றும் மன்றம் இது. கொடுத்த சொல் காக்கப்படாவிடில் ஓர் இனத்திற்கு என்ன நேரும் என்பதற்குத் தந்தை செல்வாவின் வாழ்வே சான்று.

இலங்கைத் தமிழரசுக் கட்சியை 1949-இல் தோற்றுவித்த சா. ஜே. வே. செல்வநாயகம் மெல்லிய குரலினர். மேடை முழக்கம் அவர் இயல்பன்று. 1956-இல் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்று சட்டமானபோது அறவழியில் எதிர்த்தார். மறு ஆண்டு ஆகஸ்ட் 20-இல் மாபெரும் அறப்போருக்கு நாள் குறித்திருந்தும், பேச்சுக்கு வழிவிட்டார். 1957 ஜூலை 26-இல் பிரதமர் பண்டாரநாயக்காவுடன் உடன்பாடு கண்டார். கூட்டாட்சி இலட்சியத்தைக் கைவிடாமலே, நிலமும் கல்வியும் வேளாண்மையும் பேணும் பிரதேச சபைகளை இடைக்காலத் தீர்வாக ஏற்றார். அறப்போர் நிறுத்தப்பட்டது.

1958 ஏப்ரல் 9-இல், இல்லத்தின் முன் திரண்ட பிக்குகளின் வற்புறுத்தலுக்குப் பணிந்து பிரதமர் உடன்படிக்கையைக் கைவிட்டார். அடுத்த மாதமே இனக்கலவரம் மூண்டது.

அப்போதும் செல்வா நம்பிக்கை இழந்தாரில்லை. 1965 மார்ச் 24-இல் டட்லி சேனநாயக்காவுடன் மீண்டும் கையொப்பமிட்டார். மாவட்ட சபைத் திட்டம் 1968-இல் கைவிடப்பட்டது. இருமுறை ஏமாந்த அம்முதியவரின் தலைமையிலேயே 1976-இல் வட்டுக்கோட்டையில் தனியரசுத் தீர்மானம் நிறைவேறியது. மறு ஆண்டு அவர் மறைந்தார். 1983-இல் மூண்ட போர் 2009 வரை நீடித்தது.

சமரசம் செய்தமை செல்வாவின் பலவீனமன்று. அதுவே அவர்தம் துணிவு. மென்மையாளரின் கையொப்பம் மதிப்பிழக்கும் நாட்டில், ஆயுதமே அடுத்துப் பேசும். அமைதியை விழைவோர் மறக்கலாகாத பாடம் இது.