சந்தா போகிற வழி

கணக்குக் கேட்கத் தெரியாத ஆட்கள் இல்லை நாங்கள். கோயில் திருவிழா முடிந்து கொடியிறங்கின கையோடு உபயத்துக்கும் உண்டியலுக்கும் கணக்குக் கேட்போம்; பரிபாலன சபை இழுத்தடித்தால் வழக்கும் வைப்போம். அதே நாங்கள், சம்பளத் துண்டில் தொழிற்சங்கச் சந்தா கழிபட்டிருப்பதைப் பார்த்துவிட்டு, துண்டை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துவிடுகிறோம். போன வருடம் சங்கத்துக்கு எவ்வளவு வந்தது, எங்கே போனது என்று தனாதிகாரியைக் கேட்டவர்கள் உங்களில் எத்தனை பேர்? உபயக் காசை நாங்கள் கையால் எண்ணிக் கொடுக்கிறோம், சந்தாவைத் தொடுவதேயில்லை. கேள்வி பிறக்காததற்குக் காரணம் அதுதான் என்பது என் கட்சி.

யாழ்ப்பாணத்து மானிப்பாய்க்குத் தொழிற்சங்க விஷயத்தில் தனி உரித்து உண்டு. 1920இல் இந்த ஊரில் பிறந்த நா. சண்முகதாசன், பல்கலைக்கழகக் கல்லூரிப் படிப்பு முடிந்த 1943இலேயே கம்யூனிஸ்ட் கட்சியின் முழுநேர ஊழியரானார். பின்னாளில் இலங்கைத் தொழிற்சங்க சம்மேளனத்தின் பொதுச் செயலாளர். அவர் ஆலையில் வேலை செய்தவரல்லர். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. 1918இல் தொடங்கிய சென்னைத் தொழிலாளர் சங்கத்துக்கு பி.பி. வாடியா தலைமை தாங்கியதும், மலையகத்தில் பத்திரிகையாளர் கோ. நடேசய்யர் சங்கம் கட்டியதும் இதே வகைதான். வெளியாளை முதலாளி வேலையால் நிறுத்த முடியாது. அதனால் அவர் துணிந்து பேசலாம். ஆனால் முதலாளி நிறுத்த முடியாதவரைத் தொழிலாளியாவது நிறுத்த முடியவேண்டுமே? 1964 அளவில் கட்சி மொஸ்கோ, பீக்கிங் என்று பிளந்தபோது சம்மேளனம் சண்முகதாசனோடு பீக்கிங் பக்கம் நின்றது. மொஸ்கோ பக்கத்தார் வேறு சம்மேளனம் அமைத்தார்கள். அந்தச் சண்டை குருஷேவையும் மாவோவையும் பற்றியது, சம்பளத்தைப் பற்றியதல்ல. சண்முகதாசனின் நேர்மையில் எனக்குச் சந்தேகம் கிடையாது. நேர்மையான தலைவரிடமும் "எங்கள் சங்கத்தை எங்கே கொண்டுபோகிறீர்கள்" என்று கேட்க ஒரு வழி வேண்டும், அவ்வளவுதான்.

காசு போகிற வழியை மலையகத்தில் பார்த்தால் விஷயம் தெளியும். அங்கே தொழிலாளியின் சந்தாவைத் தோட்ட நிர்வாகமே சம்பளத்தில் கழித்துச் சங்கத் தலைமைக்கு அனுப்பிவந்தது. தோட்டத் தலைவர் லயத்து வாசலுக்கு வந்து கைநீட்டி வாங்குவதாக இருந்தால், ஒழுகுகிற கூரைக்கும் கிடைக்காத சேமலாப நிதிக்கும் அவரை அங்கேயே நிறுத்திக் கேள்வி கேட்கலாம். இந்த மாதம் தரமாட்டேன் என்றும் சொல்லலாம். காசு துரையின் கந்தோர் வழியாகக் கொழும்புக்குப் போகும்போது அந்த வாசல் அடைபட்டுவிடுகிறது. 2021இல் சம்பள நிர்ணய சபை நாட்சம்பளத்தை 1000 ரூபாய் ஆக்கியதும், தோட்டக் கம்பனிகள் கூட்டு ஒப்பந்தத்திலிருந்து விலகி, சந்தா கழித்துக் கொடுப்பதையும் நிறுத்தின. சங்கத்தின் வருமானத்தை ஒரே நாளில் மறிக்கிற பலம் யாரிடம் இருந்தது என்பதை அது காட்டிவிட்டது. சம்பளத்தில் கழித்தால்தான் சங்கம் நிலைக்கும், கையால் வாங்கினால் இடையில் சிந்தும் என்பார்கள். சரி, கழிக்கட்டும். ஆனால் காசு போன தூரம் முழுவதும் கணக்கும் திரும்பி வரவேண்டும்: தோட்டந்தோட்டமாக, தமிழில், வருடம் ஒருமுறை வாசிக்கப்பட வேண்டும்.

இதைவிட வலுவான மறுப்பு ஒன்று இருக்கிறது, நேயர்களே. இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸின் தலைவர் சௌ. தொண்டமான் 1978இல் ஜனாதிபதி ஜே.ஆர். ஜெயவர்தனவின் அமைச்சரவையில் சேர்ந்தார். அப்போது பெருந்தோட்டங்கள் அரசின் கையில். 1992இல்தான் நிர்வாகம் தனியார் கம்பனிகளுக்குப் போனது. முதலாளியின் மேசையிலேயே தொழிலாளியின் தலைவரும் இருந்தார் என்றால், அவருக்காக வாதாடுகிறவர்கள் 1984ஐக் காட்டுவார்கள். அமைச்சராக இருந்தபடியே அந்த வருடம் வேலைநிறுத்தம் நடத்தி, பெண்களுக்கும் ஆண்களுக்கும் சமசம்பளம் வாங்கிக் கொடுத்தாரே! உண்மை, சின்ன வெற்றியுமல்ல. ஆனால் அந்த மேசையில் என்ன கேட்கப்பட்டது, எது விட்டுக்கொடுக்கப்பட்டது என்று கொழுந்து பறிக்கிற பெண்ணுக்கு யார் சொன்னார்கள்? பலன் கைக்கு வந்ததாலேயே கணக்குக் காட்டியதாகிவிடாது. தொண்டமான் 1999இல் மறைந்தபின் தலைமை பேரன் ஆறுமுகனுக்கு. 2020இல் அவர் மறைந்தபின் அவர் மகன் ஜீவன் பொதுச் செயலாளரானார். சங்கத்தின் சபை கூடித் தெரிவு செய்தது என்று பதில் வரும். அந்தச் சபையில் இருப்பவர்களை அந்தப் பெண் எந்த வாக்கால் தெரிவு செய்தாள் என்பதே என் கேள்வி.

வாக்கை நான் இவ்வளவு பிடித்துக்கொண்டு நிற்பதற்குக் காரணம் அமெரிக்கா. அங்கே 1959ஆம் ஆண்டுச் சட்டப்படி சங்கங்கள் நிர்வாகிகளின் சம்பளத்தைக்கூட அரசிடம் கொடுக்கிற அறிக்கையில் காட்ட வேண்டும், யாரும் பார்க்கலாம். அப்படியிருந்தும் ஐக்கிய மோட்டார் தொழிலாளர் சங்கத்தின் முன்னாள் தலைவர்கள் டென்னிஸ் வில்லியம்ஸ், கேரி ஜோன்ஸ் இருவரும் சங்கப் பணத்தை உல்லாசத்துக்குச் செலவிட்ட வழக்கில் 2021இல் சிறைத் தண்டனை பெற்றார்கள். அதே வருடம் உறுப்பினர்கள் தலைவரை நேரடியாகத் தாங்களே தெரிவு செய்யும் முறையை வாக்கெடுப்பில் வென்றெடுத்தார்கள். 2023இல் ஷோன் ஃபெயின் அப்படித்தான் தலைவரானார், பழைய தலைவர் தோற்றார். அறிக்கை அலுமாரியில் இருந்தால் போதாது. அதைப் படித்தவனிடம் ஆளை மாற்றுகிற வாக்கும் இருக்கவேண்டும்.

கணக்கைத் திறந்தால் வேலைநிறுத்த நிதி எவ்வளவு என்று முதலாளிக்குத் தெரிந்துவிடுமே என்கிறார்கள். உறுப்பினருக்குக் காட்டுவதும் ஊருக்குப் பறையடிப்பதும் ஒன்றா? தவிர, எங்கள் 1935ஆம் ஆண்டுத் தொழிற்சங்கக் கட்டளைச் சட்டமே தணிக்கை செய்த கணக்கை வருடந்தோறும் பதிவாளருக்கு அனுப்பச் சொல்கிறது. கணக்குப் புத்தகத்தைப் பார்வையிட உறுப்பினருக்கு உரிமையும் தருகிறது. தொண்ணூறு வருடமாக இருக்கிற உரிமை. நேரமாகிவிட்டது. உங்கள் சங்கத்தின் அடுத்த பொதுச்சபைக் கூட்டத்துக்குப் போவீர்கள், தனாதிகாரி கணக்கறிக்கையை அவசரமாக வாசித்து முடிக்கிறபோது கையை உயர்த்தி இரண்டு கேள்வியாவது கேட்பீர்கள் என்ற எதிர்பார்ப்போடு விடைபெறுகிறேன்.