உள்ளக் காயங்களுக்கும் மருந்துண்டு

 

நம் பொங்கலூர், பல்லடம் வட்டாரத்தில் கால் முறிந்து கிடப்பவரைக் காண மஹல்லாவே திரண்டு போகும். பழமும் ரொட்டியும் வாங்கிச் செல்வோம். நோயாளியை நலம் விசாரிப்பது சுன்னத் என்று ஒருவருக்கொருவர் நினைவூட்டிக்கொள்வோம். ஆனால், அதே தெருவில் ஓர் இளைஞன் மூன்று மாதமாக உறக்கமின்றிச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தால், அந்த வீட்டுக் கதவை எவரும் தட்டுவதில்லை. வீட்டாரும் திறப்பதில்லை. ‘காத்து கருப்பு அண்டிவிட்டது’ என்றோ, ‘தொழுகை இல்லை, அதனால்தான் இப்படி’ என்றோ தீர்ப்பு வழங்கிவிட்டு அவரவர் பனியன் கம்பெனிக்கும் விசைத்தறிக்கும் போய்விடுகிறோம். இன்றைய ஜும்ஆவில் அந்தத் திறக்கப்படாத கதவைப் பற்றியே பேச விரும்புகிறேன்.

மனிதன் தாங்கவொண்ணாத ஒன்றைக் கண்டபோது, அல்லது அனுபவித்தபோது, அவனது உள்ளத்தில் காயம் ஏற்படுகிறது. விபத்து, வன்முறை, கடலில் உறவை இழப்பது, சிறுவயதில் நேர்ந்த கொடுமை என அதற்குக் காரணங்கள் பல. சம்பவம் முடிந்து ஆண்டுகள் கழிந்தாலும் உடல் அதை முடிந்ததாக ஏற்றுக்கொள்வதில்லை. நமக்கு அருகிலுள்ள கோவையையே எண்ணிப் பாருங்கள். 1997 நவம்பர் இறுதியில் நடந்த கலவரத்திலும், 1998 பிப்ரவரி 14 அன்று 58 உயிர்களைப் பறித்த குண்டுவெடிப்புகளிலும் உறவுகளை இழந்த வீடுகள் எல்லாச் சமயத்தவரிடையேயும் உள்ளன. அப்படியொரு வீட்டில், இன்றும் ஒரு பட்டாசுச் சத்தத்துக்குக் கை நடுங்கும் முதியவர் இருந்தால் அவரைக் கோழை என்று யார் சொல்ல முடியும்? திடுக்கிடுதல், கெட்ட கனவு, காரணமற்ற சினம், எதிலும் ஒட்டாத மரத்த தன்மை ஆகியவை அக்காயத்தின் அடையாளங்கள். 1980ஆம் ஆண்டிலேயே அமெரிக்க மனநல மருத்துவர்கள் இதைத் தனியொரு நோயாகத் தங்கள் பட்டியலில் சேர்த்துவிட்டனர்.

இத்தகையோருக்கு ஆலோசனை வழங்குவோர் இன்று ஒரு கேள்வியை மாற்றிக் கேட்கின்றனர். ‘உனக்கு என்ன கோளாறு?’ என்று அவர்கள் கேட்பதில்லை. ‘உனக்கு என்ன நேர்ந்தது?’ என்றே கேட்கின்றனர். முதற்கேள்வி குற்றவாளிக் கூண்டில் நிறுத்துகிறது. இரண்டாவது கேள்வி பக்கத்தில் அமர்த்துகிறது.

சகோதரர்களே! ஹிரா குகையில் முதல் வஹீ இறங்கிய பின் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் நடுங்கியவர்களாக வீடு திரும்பிய நிகழ்ச்சியை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். அன்னை கதீஜா (ரலி) அவர்கள் செய்தவற்றின் வரிசையைச் சற்றுக் கவனியுங்கள். வந்தவுடன் ‘என்ன, ஏது’ என்று துருவவில்லை. போர்த்தச் சொன்னார்கள், போர்த்தினார்கள். நடுக்கம் தணியும் வரை பொறுத்திருந்தார்கள். பிறகு அவர்களாகச் சொன்னபோது காதுகொடுத்துக் கேட்டார்கள். ‘எனக்கே பயமாக இருக்கிறது’ என்ற பொருள்பட நபியவர்கள் சொன்னபோது அதைப் பழிக்கவில்லை. உறவைப் பேணுபவர், எளியோரின் சுமையைச் சுமப்பவர் என்று கணவரின் நற்குணங்களையே எடுத்துச் சொல்லித் தெம்பூட்டினார்கள். அத்துடனும் நிறுத்தாமல், விவரம் அறிந்தவரான வரகா பின் நவ்ஃபலிடம் அழைத்துச் சென்றார்கள்.

உலகச் சுகாதார நிறுவனம் 2011இல் பேரிடர்க் காலத்து மனநல முதலுதவிக்கென்று ஒரு கையேடு வெளியிட்டது. பாதுகாப்பைப் பார், செவிகொடு, உதவி கிடைக்கும் இடத்தோடு இணைத்துவிடு என்பதே அதன் சாரம். நடந்ததைச் சொல்லியே தீர வேண்டும் என்று பாதிக்கப்பட்டவரைக் கட்டாயப்படுத்தாதே என்றும் அது எச்சரிக்கிறது. பதினான்கு நூற்றாண்டுகளுக்கு முன் மக்காவின் ஒரு வீட்டில் நடந்ததும் இதுவே அன்றோ! இதற்காக அந்தக் கையேடு நம்மிடமிருந்து எடுக்கப்பட்டது என்று பெருமையடிக்கத் தேவையில்லை. நம்மிடம் இருந்ததை நாம் ஏன் செய்வதில்லை என்பதே கேள்வி.

இன்னொரு வீட்டையும் பாருங்கள். யூசுஃப் (அலை) அவர்களை இழந்த யஅகூப் (அலை) அவர்கள் அழுது அழுது கண்ணொளி இழந்தார்கள். சுற்றியிருந்தோரோ, இப்படியே நினைத்து நினைத்து அழிந்துபோவீர்கள் என்று சலித்துக்கொண்டார்கள். ஒரு நபியின் கண்ணீரை ஈமானின் குறைவு என்று சொல்லும் துணிவு நமக்கு உண்டா? இல்லையென்றால், நம் வீட்டுப் பிள்ளையின் கண்ணீருக்கு மட்டும் ஏன் அந்தத் தீர்ப்பு? யஅகூப் (அலை) அவர்கள் இறைவனிடம் முறையிட்டதோடு, போய்த் தேடுங்கள் என்று மக்களை அனுப்பியும் வைத்தார்கள் என்பதை மறந்துவிடாதீர்கள்.

பிள்ளைகளைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியுள்ளது. ஷிப்மென்ட் நெருங்கும் வாரங்களில் அத்தா ஓவர்டைம் முடித்து நள்ளிரவில் வருகிறார். செக்கிங் வேலைக்குப் போன அம்மா நின்று நின்று வீங்கிய காலோடு சோறாக்குகிறார். பத்தாம் வகுப்புப் படிக்கும் மகன் யாரிடம் பேசுவான்? நூற்பாலை விடுதிகளில் மூன்றாண்டு ஒப்பந்தத்தில், முடிவில் திருமணச் செலவுக்கு மொத்தத் தொகை என்று சொல்லித் தங்கவைக்கப்பட்ட பெண்பிள்ளைகளின் நிலையை, நெதர்லாந்தைச் சேர்ந்த இரு அமைப்புகள் 2011இல் அறிக்கையாக வெளியிட்டன. ‘சுமங்கலித் திட்டம்’ என்ற அதன் பெயரைக் கேட்டவர்கள், அங்கிருந்து திரும்பிய பெண்ணின் மௌனத்தைக் கேட்டதில்லை. அந்த மௌனத்துக்கு நம் ஊர் அறிந்த ஒரே மருந்து, ‘கட்டிக்கொடுத்தால் சரியாகிவிடும்’ என்பது. நிக்காஹ் ஒரு சுன்னத். அது சிகிச்சை அன்று. காயத்தோடு ஒரு பெண்ணை இன்னொரு வீட்டுக்கு அனுப்புவது இரண்டு குடும்பங்களுக்கும் செய்யும் அநீதி.

அபூ உமைர் என்ற சிறுவர் வளர்த்த சிட்டுக்குருவி போன்ற சிறு பறவை இறந்துபோயிற்று. அச்சிறுவரிடம் நபி (ஸல்) அவர்கள் அந்தப் பறவையைப் பற்றியே விசாரித்தார்கள். ஒரு குழந்தையின் சிறு துக்கத்தைக் கேட்கும் பெற்றோரிடமே பெருந்துக்கம் வந்தாலும் அது ஓடிவரும்.

பிள்ளை சொல்லும் செய்தி பாலியல் கொடுமையாக இருந்தால், ஜமாஅத்தில் அமர்ந்து பேசி முடித்துவிடும் பழக்கம் அறவே கூடாது. செய்தவர் உறவினராக இருப்பினும், ஓதிக்கொடுப்பவராக இருப்பினும் அப்படியே. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, தெரிந்தவர் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். ஜமாஅத்தின் கண்ணியம் காக்கப்படுகிறது என்று எண்ணி நாம் மூடும்போது, உண்மையில் காக்கப்படுபவர் கொடுமை செய்தவரே.

இனி, சொல்ல மனம் வலிக்கும் ஒரு நிகழ்ச்சி. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில், இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தர்காவுக்கு அருகே தனியார் நடத்திவந்த மனநோயாளர் கொட்டகையில் தீப்பிடித்தது. சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்த அவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டனர். எல்லாச் சமயத்தவரும் அங்கே இருந்தனர்; அவர்களைக் கொண்டுவந்து விட்டவர்கள் பெற்றோரும் உடன்பிறந்தோருமே. உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து இதை விசாரித்தது. சங்கிலியிடுவதை 2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் வெளிப்படையாகவே தடை செய்துள்ளது.

தர்காவுக்குப் போகலாமா கூடாதா என்ற வாதத்தை இந்த மிம்பரில் நான் எடுக்கப்போவதில்லை. அதற்கு வேறு நாள்கள் உள்ளன. அதில் நாம் களைத்தும் போயிருக்கிறோம். எக்கருத்துடையவர் வீட்டிலும் பூட்டிய அறை இருக்கலாம் என்பதே என் கவலை. குஜராத்தின் உனாவாவிலுள்ள மீரா தாதார் தர்காவில் 2008இல் ‘தவா - துஆ’ என்ற முறை தொடங்கப்பட்டது. துஆ செய்ய வருவோரை அங்கேயே மனநல மருத்துவரும் பார்ப்பார். அம்முறை பின்னர் ஏர்வாடிக்கும் வந்தது. எரிந்த ஊரிலேயே மருந்துச் சீட்டும் துஆவும் அருகருகே வைக்கப்பட்டன.

இது புதுமையும் அன்று. கி.பி. 934இல் மறைந்த அபூ ஸைத் அல்பல்கீ என்ற அறிஞர், உடல் நலத்தையும் உள்ள நலத்தையும் ஒரே நூலில் எழுதினார். காரணம் தெரிந்த துக்கம் வேறு, காரணம் தெரியாத துக்கம் வேறு என்றும், பின்னதற்கு உடலில் வேர் உண்டு என்றும் பிரித்துக் காட்டினார். பேச்சால் ஆறுவது எது, மருந்து வேண்டுவது எது என்ற இன்றைய பகுப்புக்கு அது வெகு தொலைவில் இல்லை. 1284இல் கெய்ரோவில் சுல்தான் கலாவூன் எழுப்பிய மருத்துவமனையில் மனநோயாளருக்கும் இடம் இருந்தது.

தற்கொலைக்கு முயன்று பிழைத்தவரை ஹராம் செய்தவர் என்று ஒதுக்கும் வழக்கம் நம்மிடையே உண்டு. தற்கொலை ஹராம்தான், அதில் ஐயமில்லை. ஆனால் பிழைத்து வந்தவரிடம் முதலில் சட்டம் பேசுவது, நடுங்குபவரின் போர்வையைப் பிடுங்குவதாகும். அவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும் என நாட்டின் சட்டமே 2018 மே முதல் சொல்கிறது. போலீஸ் வரும் என்று அஞ்சி மருத்துவமனைக்குக் கொண்டுபோகாமல் இருந்துவிடாதீர்கள். கேட்டதை வெளியில் சொல்லாமலிருப்பது அமானிதம். உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் மட்டும் மருத்துவருக்குச் சொல்லத் தயங்கக்கூடாது.

2022 அக்டோபர் 10 அன்று தொடங்கப்பட்ட டெலி மானஸ் சேவையின் எண் 14416. கட்டணமில்லை, இரவும் பகலும் தமிழில் பேசலாம். பிள்ளைகளுக்கு 1098. திருப்பூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு நேரிலும் செல்லலாம். துணைக்கு ஆள் வேண்டுமென்றால் எந்த நேரமும் என்னிடம் வாருங்கள், உடன் வருகிறேன். இந்த எண்களை எழுதிய தாளைச் செருப்பு விடும் இடத்தின் சுவரிலும், பெண்கள் தொழுமிடத்தின் உட்புறக் கதவிலும் ஒட்டச் சொல்லியிருக்கிறேன். யாரேனும் அங்கே நின்று செல்போனில் குறித்துக்கொண்டிருந்தால், யாருக்காக என்று கேட்காமல் கடந்து செல்லுங்கள்.