முதியோர் இல்லமும் ஒரு கட்டு பீடியும்

மயிலாப்பூர்ப் பக்கம் ஒரு முதியோர் இல்லம் என்று வைத்துக்கொள்வோம். இரவு ஒன்பதரை, விளக்கெல்லாம் அணைத்தாகிவிட்டது. குளியலறை வென்டிலேட்டரில் புகை கசிகிறது. உள்ளே எழுபத்தெட்டு வயதுப் பெரியவர், ஈரத்தரையில், ஒரு கையால் குழாயைப் பிடித்தபடி, மறு கையில் பீடி. ஐம்பது வருஷப் பழக்கம். இல்லத்தில் சேர்த்த அன்று ‘புகைபிடிக்க அனுமதியில்லை’ என்ற தாளில் கையெழுத்துப் போட்டவர் மகன். பெரியவரிடம் அந்தத் தாளை யாரும் காட்டவில்லை. பீடி வாங்கித் தருவது வாட்ச்மேன் என்பது சமையல்கார அம்மா வரை எல்லோருக்கும் தெரியும்.

சட்டம் என்ன சொல்கிறது? 2003ஆம் ஆண்டின் புகையிலைச் சட்டம் பொது இடத்தில் புகைபிடிப்பதைத் தடுக்கிறது. அபராதம் 200 ரூபாய் வரை. 2008 அக்டோபர் 2 முதல் நடைமுறைக்கு வந்த விதிகள் பணியிடங்களையும் பொது இடமாக்கின. மருத்துவமனை, நூலகம், நீதிமன்றம் என்று நீளும் பட்டியலில் முதியோர் இல்லம் என்ற பெயர் மட்டும் இல்லை. ஆனால் ஆயாவும் சமையல்காரரும் நர்ஸும் வேலை பார்க்கும் இடம் பணியிடம்தானே? புகார் வந்தும் பொறுப்பாளர் கண்டுகொள்ளாவிட்டால் அவருக்கும் அபராதம் உண்டு. இன்னொரு பக்கம், அந்தப் பெரியவருக்கு அந்தக் கட்டிலும் அலமாரியும்தான் இப்போது வீடு. சொந்த வீட்டில் பீடி பிடித்தால் கேட்க எந்தச் சட்டமும் இல்லை.

இந்தச் சிக்கலில் மற்ற நாடுகளும் தடுமாறியிருக்கின்றன. அயர்லாந்து 2004இல் பணியிடங்களில் புகையைத் தடைசெய்தபோது முதியோர் இல்லங்களுக்கு விலக்குக் கொடுத்தது. இங்கிலாந்து 2007இல் தனி அறை ஒதுக்கிக்கொள்ள அனுமதித்தது; அந்தப் புகை மற்ற அறைகளுக்குப் போகக் கூடாது என்பது நிபந்தனை. அமெரிக்கா நேரெதிர்: 2018 ஜூலை முதல் அரசுக் குடியிருப்புகளில் வீட்டுக்குள்ளேயே சிகரெட் கூடாது, பிடிப்பவர் கட்டடத்திலிருந்து 25 அடி தள்ளிப் போக வேண்டும். எண்பது வயதில் வாக்கரோடு 25 அடி, அதுவும் பனியில்!

தனி அறை நமக்குச் சரிவராது. தி.நகரிலும் அடையாறிலும் பழைய தனிவீட்டை வாடகைக்கு எடுத்து நடத்தும் இல்லங்களில் ஒரு கட்டில் போடவே இடம் தேட வேண்டியிருக்கிறது. கொசுவுக்குப் பயந்து ஜன்னலையும் சாத்திவிட்டால் ஒருவர் விட்ட புகையைப் பக்கத்துக் கட்டில்காரரும் இழுத்தாக வேண்டும்.

நெருப்பு இதைவிடப் பெரிய பயம். ஆக்சிஜன் வைத்திருக்கும் நோயாளியின் தலையணையிலும் போர்வையிலும் ஆக்சிஜன் ஊறி நிற்கும். ஒரு பொறி போதும், சாதாரணத் துணியைவிட வேகமாகப் பற்றிக்கொள்ளும். படுக்கையில் கிடப்பவரால் எழுந்து ஓட முடியாது. 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி ஏர்வாடியில் மனநோயாளிகள் காப்பகம் எரிந்தது. அங்கே சங்கிலியில் கட்டுண்டு எழ முடியாமல் கிடந்தவர்கள் வெந்து செத்தார்கள் என்பதை இல்லம் நடத்துகிறவர்கள் மறக்கக் கூடாது.

ஆகவே அறையிலும் வராந்தாவிலும் குளியலறையிலும் தடை முழுமையாக இருக்கட்டும். ஆனால் தடை மட்டும் போட்டால் பெரியவர் மறுபடி வழுக்கும் தரைக்குத்தான் போவார். சட்டம் திறந்தவெளியை விட்டுவைத்திருக்கிறது. கொல்லைப்புறத்தில் ஒரு நாற்காலி, மணல் போட்ட ஒரு தகர டப்பா, பக்கத்தில் ஓர் ஆள். தீப்பெட்டி அந்த ஆளிடம் இருக்க வேண்டும், பெரியவரின் இடுப்பு மடிப்பில் அல்ல. மார்கழிப் பனியையும் ஐப்பசி மழையையும் விட்டால் சென்னையில் இது பெரிய கஷ்டமில்லை.

“இந்த வயசுல விட்டு என்ன ஆகப்போகுது?” என்று கேட்பவர்களுக்கு இரண்டு ஆய்வுகள் பதில் சொல்கின்றன. பிரிட்டிஷ் மருத்துவர்களை 1951 முதல் ஐம்பது ஆண்டுகள் பின்தொடர்ந்த ரிச்சர்ட் டால் குழு, அறுபது வயதில் விட்டவர்களுக்கும் சுமார் மூன்று ஆண்டு ஆயுள் கூடுவதைக் கண்டது. இரண்டாவது நம்மூர் ஆய்வு. டாக்டர் கஜலட்சுமி குழு சென்னையிலும் விழுப்புரத்திலும் 43,000 ஆண்களின் மரணங்களை ஆராய்ந்து 2003இல் லான்செட்டில் வெளியிட்டது. புகைபிடிப்பவர்கள் காசநோயால் இறப்பது, பிடிக்காதவர்களைவிட நான்கு மடங்குக்கும் மேல். ஒரே அறையில் நான்கு கட்டில் போட்ட இடத்தில் ஒருவருக்குக் காசம் வந்தால் அது மற்ற மூவருக்கும் கவலை.

விடுவது லேசில்லை. நிக்கோட்டின் சூயிங்கம் பல்செட்டில் ஒட்டிக்கொள்ளும். தோலில் ஒட்டும் பட்டையே வசதி, அதையும் மருத்துவரைக் கேட்டுத்தான். அடையாறு புற்றுநோய் மையத்தில் புகையிலையை விட விரும்புவோருக்கு ஆலோசனை கிடைக்கிறது. 1800-11-2356 என்ற இலவச எண்ணிலும் கேட்கலாம். தாயையோ தந்தையையோ இல்லத்தில் சேர்க்கப் போகிறவர்கள் மெனு கார்டைப் பார்ப்பதோடு நிறுத்தாமல், கொல்லைப்புறத்தையும் காட்டச் சொல்லுங்கள். விதிமுறைத் தாளைப் பெரியவர் கையில் கொடுத்து, படித்தபின் அவரையே கையெழுத்துப் போடச் சொல்லுங்கள்.