பெயரும் குரலும் பெற்ற சிறு புகையிரதம்

(சங்க மண்டபத்தில் நிகழ்ந்த விஞ்ஞான உரைத்தொடரில் ஆற்றப்பெற்ற சொற்பொழிவு)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் மாதிரிப் புகையிரதம். "இது சிறுவர் விளையாட்டுப் பொருளல்லவா? வளர்ந்தோர் கூடிய சபையில் இதற்கு ஒரு சொற்பொழிவா?" என்று உங்களிற் சிலர் எண்ணக்கூடும். அவ்வெண்ணம் இயல்பானதே. ஆயினும், உள்ளங்கையில் அடங்கும் அச்சிறு இயந்திரத்தினுள்ளே இன்று மின்னியல், ஒலியியல், கணினியியல் ஆகிய மூன்று துறைகளும் ஒருங்கே குடியிருக்கின்றன. இம்மூன்றையும் ஒரு மேசைமேல் வைத்துக் கையாற் பழகிக்கொள்ள இதனிலும் எளிய வழி வேறொன்று உண்டோ என்பது ஐயமே.

நான் கூற விரும்புவது ஒன்றே. முன்னர் மின்சாரமே கட்டளையாக இருந்தது. இன்று அது கட்டளையைச் சுமந்து செல்லும் தூதாக மாறியிருக்கின்றது. இந்த ஒரு மாற்றத்தினாலே ஒவ்வோர் இயந்திரத்துக்கும் தனிப்பெயர் கிடைத்தது. பெயரைத் தொடர்ந்து குரலும் கிடைத்தது. அக்குரலை எங்கிருந்து பெறுவது என்னும் வினா நமது வடபகுதிப் பாதையையும் வந்து தொடுகின்றது. அதனை முடிவிற் கூறுவேன்.

பழைய முறை

மாதிரிப் பாதையில் இரு தண்டவாளங்களே இரு மின்கம்பிகளாகும். பழைய முறையிலே கட்டுப்பாட்டுப் பெட்டியிலிருந்து ஏறக்குறைய 12 வோல்ட் வரையுள்ள நேரோட்ட மின்சாரம் தண்டவாளங்களுக்குச் செல்லும். சில்லுகள் அதனை வாங்கி மோட்டருக்குக் கொடுக்கும். அழுத்தத்தைக் கூட்டினால் வேகம் கூடும். திசையை மாற்றினால் வண்டி பின்னோக்கி ஓடும். ஒரு சிறுவனுக்கும் விளங்கக்கூடிய முறை இது.

ஆனால் இதிற் பெருங்குறை ஒன்றுண்டு. ஒரே பாதையில் இரண்டு இயந்திரங்களை வைத்தால் இரண்டும் ஒன்றாகவே புறப்படும், ஒன்றாகவே நிற்கும். ஒன்றை ஓட்டி மற்றதை நிறுத்த வேண்டுமாயின், பாதையைப் பல துண்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனி ஆளி பொருத்தவேண்டும். அப்போது ஓட்டுபவன் இயந்திரத்தை ஓட்டுவதில்லை, பாதையையே ஓட்டுகின்றான். மேலும், வண்டி நின்றால் தண்டவாளத்தில் மின்சாரம் இல்லை. ஆகவே விளக்கும் அணைந்துவிடும். நிலையத்தில் நின்று மெல்ல இரையும் இயந்திரத்தின் ஒலியை இம்முறையிலே எப்படித் தரமுடியும்?

பொதுமொழி பிறந்த வரலாறு

இக்குறையை நீக்கப் பலர் முயன்றனர். 1979 இல் இங்கிலாந்தின் ஹோர்ன்பி நிறுவனம் 'சீரோ 1' என்னும் முறையை வெளியிட்டது. அதனால் 16 இயந்திரங்களைத் தனித்தனியே ஆளமுடிந்தது. 1980களின் நடுப்பகுதியில் ஜேர்மனியின் மார்க்லின் நிறுவனம் 80 இயந்திரங்களுக்கு முகவரி கொடுக்கக்கூடிய முறையொன்றைக் கொண்டுவந்தது. ஆயினும் ஒரு நிறுவனத்தின் கட்டுப்பாட்டுப் பெட்டி பேசுவது மற்ற நிறுவனத்தின் இயந்திரத்துக்கு விளங்காது. ஒரு பெட்டியை வாங்கியவன் பின்னர் அந்த நிறுவனத்தின் பொருள்களையே வாங்கவேண்டியவனானான்.

இங்கேதான் அமெரிக்காவின் தேசிய மாதிரிப் புகையிரதச் சங்கம் செய்த பணியை நாம் கவனிக்கவேண்டும். 1935 இல் தொடங்கப்பெற்ற அச்சங்கம் விற்பனை நிறுவனம் அன்று. பொழுதுபோக்காளர் ஒன்றுகூடி அமைத்த சங்கம். 1990களின் தொடக்கத்தில் அது அந்நாளில் இருந்த முறைகளை ஒப்புநோக்கி, ஜேர்மனியரான பேர்ண்ட் லென்ஸ் உருவாக்கிய முறையை அடிப்படையாகக் கொண்டு ஒரு பொது நியமத்தை வகுத்து, 1994 இல் ஏற்றுக்கொண்டது. அந்நியமத்தை யாவரும் படிக்கலாம். எந்த நிறுவனமும் அதன்படி பொருள் செய்யலாம். இன்று வியன்னாவிற் செய்த கருவி அமெரிக்காவிற் செய்த பெட்டியின் சொற்கேட்டு ஓடுவது இதனாலேயாம். ஒரு சங்கம் தன் அங்கத்தவரின் நன்மையை மனத்திற்கொண்டு ஒழுங்காகச் செயற்பட்டால் எத்துணைப் பயன் விளையும் என்பதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு.

கட்டளை செல்லும் விதம்

புதிய முறையிலே தண்டவாளத்தில் எந்நேரமும் முழு மின்னழுத்தம் இருக்கும். ஆனால் அதன் திசை இடையறாது முன்னும் பின்னுமாக மாறிக்கொண்டிருக்கும். ஒரு விநாடியைப் பத்து இலட்சம் பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு மைக்ரோ விநாடியாகும். ஒரு திசையில் 58 மைக்ரோ விநாடியும் மறுதிசையில் 58 மைக்ரோ விநாடியும் இருந்தால் அது 'ஒன்று' என்னும் குறி. அவ்வாறே 100 மைக்ரோ விநாடியளவு நீடித்தால் அது 'பூச்சியம்'. இந்த இரண்டு எழுத்துக்களே அம்மொழியின் நெடுங்கணக்கு முழுவதும்.

ஒரு கட்டளை தொடங்குமுன் குறைந்தது 14 'ஒன்று'கள் தொடர்ந்து வரும்; இது "கவனியுங்கள்" என்பது போன்றது. அடுத்து இயந்திரத்தின் முகவரி எண். அதன்பின் "இவ்வளவு வேகத்தில் முன்னோக்கிச் செல்" என்பது போன்ற ஏவல். இறுதியில் முன்சென்றவற்றைக் கொண்டு கணித்த சோதனை எண். சோதனை எண் பொருந்தாவிடின் அக்கட்டளை தள்ளப்படும். இத்தகைய சிறு கட்டளை ஒன்று முழுவதும் செல்ல ஒரு விநாடியின் நூற்றிலொரு பங்குகூட ஆகாது.

இயந்திரத்தினுள்ளே இருந்து இதனைக் கேட்பது 'டிகோடர்' என்னும் சிறு மின்தகடு. தமிழில் அதனைக் 'குறியுணரி' என்போம். எல்லாக் கட்டளைகளும் எல்லாக் குறியுணரிகளுக்கும் கேட்கும். ஆனால் தன் எண்ணைக் கேட்டதே செயற்படும். பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் இடாப்பைப் பார்த்துப் பெயர் கூப்பிடும்போது வகுப்பு முழுவதும் கேட்கின்றது. உரியவன் மட்டுமே எழுந்து நிற்கின்றான் அல்லவா? அதுபோலத்தான்.

பழைய இயந்திரத்தை மாற்றுதல்

புதிதாக விற்கப்படும் இயந்திரங்கள் பலவற்றில் குறியுணரியைச் செருகுவதற்கு இடம் வைத்தே செய்திருக்கின்றார்கள். அதுபற்றி அதிகம் கூறவேண்டியதில்லை. தந்தையிடமிருந்தோ மாமனிடமிருந்தோ கைக்கு வந்த பழைய இயந்திரத்தை மாற்றுவதே கைத்திறமையைச் சோதிக்கும் வேலை.

முதலாவது, அவ்வியந்திரம் பழைய முறையில் நன்றாக ஓடவேண்டும். அழுக்குப் பிடித்த சில்லையும் இறுகிய பற்சில்லையும் எந்தக் குறியுணரியும் திருத்தாது. அதன்பின், சில்லைக் கணநேரம் அசையாமற் பிடித்து, மோட்டர் எவ்வளவு மின்னோட்டத்தை இழுக்கின்றதென அம்பியர்மானியால் அளக்கவேண்டும். அவ்வளவையும் தாங்கக்கூடிய குறியுணரியையே வாங்கவேண்டும்.

இரண்டாவது படியே உயிர்நிலை. பழைய மோட்டர்கள் பலவற்றில் ஒரு காபன் தூரிகை உலோகச் சட்டகத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும். சட்டகமோ ஒரு தண்டவாளத்தின் மின்சாரத்தைச் சுமந்துகொண்டிருக்கும். இத்தொடர்பை அறுத்து, மோட்டரின் இரு தூரிகைகளையும் சட்டகத்திலிருந்து முற்றாகப் பிரிக்கவேண்டும். பிளாத்திக்குத் தகடோ காவலிட்ட திருகாணியோ இதற்கு உதவும். இதைச் செய்யாது மின்சாரம் கொடுத்தால் குறியுணரி கண்மூடித் திறக்குமுன் எரிந்துபோம். ஆதலால் மானியை எடுத்து, ஒவ்வொரு தூரிகைக்கும் ஒவ்வொரு பக்கச் சில்லுக்கும் இடையே தொடர்பு சிறிதும் இல்லையென உறுதிசெய்த பின்னரே பற்றாசுக் கோலைத் தொடவேண்டும்.

மூன்றாவது, கம்பிகளை இணைத்தல். கம்பிகளின் நிறங்களும் நியமத்தில் வகுக்கப்பட்டவையே. சிவப்பும் கறுப்பும் வலது, இடது தண்டவாளங்களிலிருந்து வருவன. செம்மஞ்சளும் சாம்பலும் மோட்டருக்குச் செல்வன. வெள்ளை முன்விளக்குக்கு, மஞ்சள் பின்விளக்குக்கு, நீலம் விளக்குகள் யாவற்றுக்கும் பொது. விளக்கு ஒளியுமிழ் இருவாயியாயின் அதனுடன் ஒரு தடையும் தொடரிற் சேர்க்கவேண்டும். குறியுணரியைப் பல சுற்று நாடாவால் இறுகச் சுற்றிவிடுதல் தவறு. அதன் வெப்பம் வெளியேற வழி வேண்டும்.

இறுதியாக, இயந்திரத்தை ஓடுபாதையில் வைக்காது, குறைந்த மின்னோட்டமே செல்லும் சோதனைப் பாதையில் முதலில் வைக்கவேண்டும். அங்கே பிழை தென்பட்டாற் பெரும்பாலும் சேதமின்றித் திருத்திவிடலாம். புதிய குறியுணரியின் எண் வழக்கமாக 3 ஆக இருக்கும். அதனை மாற்றி நாம் விரும்பும் எண்ணைக் கொடுப்பதே அதற்குப் பெயர் சூட்டுவதாகும். எவ்வளவு மெதுவாகப் புறப்படவேண்டும், எவ்வளவு நேரத்தில் நிற்கவேண்டும் என்பனவற்றையும் எண்களாகவே அதனுள் எழுதிவைக்கலாம்.

குரல்

தண்டவாளத்தில் எந்நேரமும் மின்சாரம் இருப்பதனால், நின்ற இயந்திரமும் ஒலிக்க முடிந்தது. ஒலிக் குறியுணரியின் நினைவகத்தில் உண்மையான இயந்திரங்களின் ஒலிப்பதிவுகள் துண்டு துண்டாகச் சேமிக்கப்பட்டிருக்கும். வண்டியின் நிலைக்கேற்ப அவை கோத்து ஒலிக்கப்படும்.

இங்கே கவனிக்கவேண்டியது ஒலியின் அளவன்று, பொருத்தமே. இரு உருளைகளுள்ள நீராவி இயந்திரத்தின் பெருஞ்சில்லு ஒருமுறை சுழலும்போது நான்கு மூச்சுக்கள் கேட்கும். மூன்று உருளைகள் உள்ளவற்றிற் பொதுவாக ஆறு. மாதிரியிலும் சில்லின் சுழற்சியோடு மூச்சு ஒத்துவராவிடின் காது உடனே அதனைப் பொய்யென்று சொல்லிவிடும். டீசல் மின் இயந்திரத்திலோ நிலை வேறு. அங்கே டீசல் எஞ்சின் முதலில் உரத்து இரையும். அதன்பின்னரே பாரம் மெல்ல அசையும். எஞ்சினின் வேகமும் சில்லின் வேகமும் ஒன்றல்ல. இதனை அறிந்து எண்களை அமைப்பவனுடைய வண்டியே பாரத்தை உணர்ந்து இழுப்பதுபோலத் தோன்றும்.

ஒலிபெருக்கியைப் பற்றியும் ஒரு சொல். அதன் முகப்பிலிருந்து எழும் ஒலியலையும் முதுகிலிருந்து எழும் அலையும் ஒன்றையொன்று அழிக்கும் இயல்புடையன. எனவே முதுகுப் பக்கத்தைக் காற்றுப் புகாத சிறு பெட்டியால் மூடவேண்டும். கைத்தொலைபேசியில் உள்ளதைப் போன்ற சிறு ஒலிபெருக்கியும் இவ்வாறு மூடப்பட்டால் வியக்கத்தக்க குரல் தரும். பெட்டியில்லாத பெரிய ஒலிபெருக்கி தகரத்தைத் தட்டியதுபோல ஒலிக்கும்.

நமது பாதையின் ஒலி

இப்போது, முன்னர்க் கூறிய வினாவுக்கு வருகின்றேன். விற்பனைக்கு வரும் ஒலிகளிற் பெரும்பாலானவை அமெரிக்க, ஐரோப்பிய இயந்திரங்களுடையவை. நமக்கு அவற்றோடு உறவுண்டா? ஒருவகையில் உண்டு. 1954 முதல் கொழும்புத் திட்டத்தின் கீழ்க் கனடாவிலிருந்து வந்து, கனடிய மாகாணங்களின் பெயர்களைத் தாங்கி ஓடிய எம்2 வகுப்பு இயந்திரங்களில் இருந்தது அமெரிக்காவின் '567' தொடரைச் சேர்ந்த பன்னிரு உருளை எஞ்சினே. அமெரிக்க மாதிரியின் பதிவிலிருந்து அந்த எஞ்சினின் இரைச்சலை ஓரளவு கடன் வாங்கலாம். ஆனால் நம் இயந்திரத்தின் ஊதலையும், நம் பெட்டிகளின் இணைப்பொலியையும், தடுப்புக் காற்று வெளியேறும் ஓசையையும் எவரிடம் கடன் வாங்குவது?

1956 ஏப்பிரலில் யாழ்தேவி ஓடத் தொடங்கியது. 1990 இல் வடக்கே சேவை நின்றது. 2014 ஒக்டோபரிலேயே யாழ்ப்பாணத்துக்கு மீண்டும் புகையிரதம் வந்தது. அந்த இருபத்துநான்கு ஆண்டுகளில் இங்கு பிறந்து வளர்ந்த பிள்ளைகள் தம் ஊரிலே புகையிரத ஒலியைக் கேட்டறியாதவர்கள். தண்டவாளத்தை மீண்டும் இடலாம். நிலையத்தை மீண்டும் கட்டலாம். பதியப்படாமற் போன ஒலியை எவராலும் மீண்டும் செய்யமுடியாது. எழுபது ஆண்டுகளுக்கு முன் வந்த இயந்திரங்களும் என்றென்றும் ஓடமாட்டா.

ஆகவே இளைஞர்களுக்கு நான் கூறும் யோசனை இது. சில ஒலிக் குறியுணரிகளில் நாமே பதிந்த ஒலிகளைக் கணினி வழியாக ஏற்றமுடியும். நிலைய அதிபரின் அனுமதி பெற்று, மேடையிலே பாதுகாப்பான இடத்தில் நின்று, ஒவ்வோர் ஒலியையும் தனித்தனியே பதியுங்கள்: நின்று இரையும் ஒலி, புறப்படும் ஒலி, ஊதல், தடுப்பின் ஓசை, தண்டவாளப் பொருத்தில் சில்லு ஏறும் தாளம். ஒலிவாங்கிக்குமேல் மெல்லிய துணியொன்றைப் போர்த்துங்கள். காற்றின் இரைச்சல் குறையும். ஒவ்வொரு பதிவுடனும் இயந்திரத்தின் எண்ணையும் நாளையும் இடத்தையும் எழுதிவையுங்கள். மாதிரி இயந்திரம் இல்லாதவரும் இதிற் பங்குபற்றலாம். சங்க நூல்நிலையத்தில் ஓர் அலுமாரித் தட்டே இதற்குப் போதும்.

ஒரு சிறு இயந்திரத்துக்கு எண் கொடுத்தோம். அது தன் பெயரைக் கேட்டு நடந்தது. அதன் வாயிற் பிறநாட்டு ஊதலை வைப்பதும் நம் பாதையின் ஊதலை வைப்பதும் நம் முயற்சியைப் பொறுத்தது.