கண் பார்த்ததா, மனம் பார்த்ததா?

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் குடியிருப்பாளர் ஒருவர் பேசியது)

செயலாளர் ஐந்து நிமிடம்தான் கொடுத்திருக்கிறார். நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

சென்ற ஆண்டு எனக்கு வந்த பார்சல் ஒன்று காணவில்லை. கேமரா பதிவைப் போட்டுப் பார்த்தேன். நம் வாட்ச்மேன் கையில் பழுப்பு நிறத்தில் ஏதோ ஒன்றுடன் லிஃப்டிலிருந்து வெளியே வருகிறார். "என் பார்சல்தான், கண்ணால் பார்த்தேன்" என்று சங்கத்தில் புகார் செய்தேன். நான்கு நாள் கழித்து அந்தப் பார்சல் எதிர்வீட்டுச் செருப்பு அலமாரியில் கிடைத்தது. அதே பதிவை மறுபடி பார்த்தேன். அவர் கையில் இருந்தது சாப்பாட்டுப் பை! பதிவு மாறவில்லை, என் எண்ணம்தான் மாறியிருந்தது. அதற்குள் அவரை வேறு இடத்துக்கு அனுப்பிவிட்டார்கள்.

இது எப்படி நடக்கிறது? நம் ஒவ்வொரு கண்ணிலும் பார்வை நரம்பு வெளியேறும் இடத்தில் ஒரு குருட்டுப் புள்ளி உண்டு. அந்த இடத்தில் பார்வையே கிடையாது. ஆனாலும் காட்சியில் ஓட்டை தெரிவதில்லை. சுற்றியுள்ளதை வைத்து மூளை இட்டு நிரப்பிவிடுகிறது.

நினைவும் அப்படித்தான். அமெரிக்காவில் எலிசபெத் லாஃப்டஸ், ஜான் பால்மர் இருவரும் 1974இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்களுக்கு ஒரு கார் விபத்துப் படம் காட்டினார்கள். 50 பேரிடம், கார்கள் "மோதியபோது" என்ன வேகம் என்று கேட்டார்கள். வேறு 50 பேரிடம், "மோதி நொறுங்கியபோது" என்ன வேகம் என்று கேட்டார்கள். ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா என்று எல்லோரிடமும் கேட்டார்கள். முதல் பிரிவில் 7 பேர், இரண்டாம் பிரிவில் 16 பேர் பார்த்ததாகச் சொன்னார்கள். படத்தில் உடைந்த கண்ணாடியே கிடையாது. ஒரே ஒரு சொல் செய்த வேலை அது.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். சந்தேகப்பட்டவன் கண்ணுக்குக் கையில் இருப்பதெல்லாம் பார்சல்.

உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். நம் வாட்ஸ்அப் குழுவில் யாரைப் பற்றியாவது எழுதும் முன், பார்த்ததையும் நினைத்ததையும் தனித்தனியாகப் பிரித்துப் பாருங்கள். "கையில் ஏதோ வைத்திருந்தார்" என்பது பார்த்தது. "என் பார்சலை எடுத்தார்" என்பது நினைத்தது. அதன்பிறகு அவரிடமே ஒரு வார்த்தை கேளுங்கள். அன்று நான் கேட்டிருந்தால், பையைத் திறந்து காட்டியிருப்பார்.

அவருடைய எண்ணை வாங்கி, பேசி, மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லை சார்" என்றார். எனக்குத்தான் இன்னும் பரவாயில்லை என்று தோன்றவில்லை.