தாளில் தங்கிய தெய்வங்கள்
ஜெர்மானியச் சமய அச்சோவியங்களும் திருவரங்கத்துச் சுவர்களும்



சொல்லைப் பேசியே பழகிய ஓர் இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் படங்களைப் பற்றிய பேச்சு எதற்கு என்னும் வினா எழக்கூடும். அதிலும் ஜெர்மானிய நாட்டுப் பழைய கிறித்தவப் படங்களைத் தேடிச் சேர்ப்பதற்கும் காவிரிக் கரைக்கும் என்ன உறவு என்று கேட்பாரும் உளர். உறவு உண்டு. ஆனால் அது நேர்வழியில் வந்ததன்று. நெடுந்தொலைவு சுற்றி, சில இடங்களில் மறைந்து, எதிர்பாராத வாயிலில் வந்து நின்ற உறவு.

ஐரோப்பாவில் ஆண்டு பொறிக்கப்பெற்ற மிகப் பழைய மரச்செதுக்குப் படங்களுள் ஒன்று, 1423 என்னும் ஆண்டைத் தாங்கியது. தென்ஜெர்மனியின் புக்ஸ்ஹைம் என்னும் ஊரின் துறவு மடத்தில் கிடைத்தது. குழந்தை ஏசுவைத் தோளில் சுமந்து ஆற்றைக் கடக்கும் புனித கிறிஸ்தோபரின் உருவம் அது. படத்தின் அடியில் இலத்தீன மொழியில் சில சொற்கள் வெட்டப்பட்டுள்ளன. அவர் முகத்தைக் கண்ட நாளில் தீய சாவு அண்டாது என்பது அவற்றின் கருத்து. விடியலில் கோபுரத்தை நோக்கிக் கைகூப்பிவிட்டு வேலைக்குப் புறப்படும் திருவரங்கத்தார்க்கு இந்நம்பிக்கையை விளக்க வேண்டியதில்லை. கருதத்தக்கது வேறொன்று. அப்படத்தைக் கலைப்பொருள் என்று போற்றி யாரும் பாதுகாக்கவில்லை. கையெழுத்துச் சுவடி ஒன்றின் மேலட்டையின் உட்புறத்தில் யாரோ ஒருவர் அதை ஒட்டிவைத்தார்; அட்டையோடு அட்டையாக அது பிழைத்துக்கொண்டது. சுவரில் ஒட்டியவை, சட்டைப்பையில் மடித்து வைத்தவை, நோயாளியின் தலைமாட்டில் வைத்தவை ஆகியவற்றுள் பெரும்பாலானவை பயன்பட்டே அழிந்தன. இன்று மான்செஸ்டரின் ஜான் ரைலண்ட்ஸ் நூலகத்தில் உள்ள அந்த ஒரு தாள், அழிந்துபோன எத்தனையோ தாள்களுக்குச் சான்றாக நிற்கிறது.

இப்படங்களைச் செய்தோர் யாவர் என்று பார்த்தால், பொற்கொல்லர் மரபினர் பலர் வருகின்றனர். கோல்மார் நகரத்து மார்ட்டின் ஷோன்கவர் பொற்கொல்லரின் மகன். நூரெம்பெர்க் நகரத்து ஆல்பிரெக்ட் ட்யூரரும் பொற்கொல்லரின் மகன். பொன்னில் கீறிய உளி செம்பில் கீறத் தொடங்கியது. கீறிய பள்ளத்தில் மை நிரப்பித் தாளை அழுத்தினால் அதுவே அச்சோவியம். அமிலத்தைக் கொண்டு உலோகத்தை அரித்துக் கோடு வாங்கும் முறையோ படைக்கலத் தொழிலிலிருந்து வந்தது. கவசத்தில் பூவேலை செய்யப் பயன்பட்ட அம்முறையைப் படம் அச்சிடும் தகட்டிற்குக் கொண்டுவந்தவருள் முதல்வராக ஆக்ஸ்பர்க் நகரத்து டானியல் ஹாப்ஃபர் கருதப்படுகிறார். போருக்குரிய இரும்பின் மீது பழகிய கை, பின்னர் ஏசுவின் பாடுகளையும் அடியார்களையும் வரைந்தது. ட்யூரரும் 1515 முதல் 1518 வரை இரும்புத் தகட்டில் சில அமிலப் படங்கள் செய்தார். பின்னர் அம்முறையைக் கைவிட்டார். அத்தகடுகள் துருப்பிடித்தன. பிற்காலத்தில் எடுத்த படிகளில் துருவின் புள்ளிகள் காணப்படுவதால், ஒரு படி முன்னதா பின்னதா என்று தேர்ந்தவர்கள் அதைக் கொண்டே கணிக்கின்றனர்.

சேகரிப்போர் அறிய வேண்டியவை இன்னும் சில. செப்புத் தகட்டுப் படமாயின் தகட்டின் விளிம்பு தாளில் பதிந்து ஒரு பள்ளக் கரையாகத் தெரியும். மையும் சற்றே மேடிட்டிருக்கும். உளியால் கீறிய கோடு முனையில் கூர்ந்து முடியும். அமிலம் அரித்த கோடு மழுங்கி நிற்கும். தாளை வெளிச்சத்திற்கு நேரே பிடித்தால் காளைத் தலை, மகுடம் போன்ற நீர்க்குறிகள் தோன்றும். தாளின் காலத்தை அவை ஓரளவு சொல்லும். இவையெல்லாம் பழகப் பழகக் கைவருபவை. பழைய படங்களைப் பிற்காலத்தார் அப்படியே எடுத்தச்சிட்ட படிகளும் பல உலவுவதால், இப்பழக்கமின்றிப் பணத்தை இறக்குவது நன்றன்று.

ஆயினும் இவ்வவைக்கு உவப்பானது படத்தின் ஓரத்தில் உள்ள எழுத்து. பதினாறாம் நூற்றாண்டு முதல் செப்புத் தகட்டுப் படங்களின் அடியில் பெயர்கள் வரிசையாக நிற்கத் தொடங்கின. இன்வெனித் என்று ஒரு பெயரின் பின்னே இருந்தால் அவர் கருத்தில் கண்டு வரைந்தவர். ஸ்கல்ப்ஸித் என்றிருந்தால் தகட்டில் கீறியவர். எக்ஸ்குதித் என்றிருந்தால் அச்சிட்டு வெளியிட்டவர். கண்டவர் வேறு, கீறியவர் வேறு, வெளியிட்டவர் வேறு. பாடியவர், ஏடு பெயர்த்தெழுதியவர், உரை கண்டவர், பதிப்பித்தவர் எனப் பல கை மாறி வந்த நூல்களைப் படிக்கும் தமிழர்க்கு இது புதிதன்று. ஏட்டின் இறுதியில் தம் பெயரும் எழுதி முடித்த நாளும் குறித்துவைத்த எழுத்தாளர்களை ஓலை படித்தோர் அறிவர். ட்யூரர் ஒரு படி மேலே சென்றார். 1511இல் கன்னி மரியாவின் வாழ்வைச் சொல்லும் மரச்செதுக்குத் தொகுதியை நூலாக வெளியிட்டபோது, பிறர் உழைப்பையும் அறிவையும் களவாடுவோரைக் கடிந்து, பேரரசர் மாக்சிமிலியன் தமக்கு அளித்த காப்புரிமையைச் சுட்டி ஓர் எச்சரிக்கையை இறுதியில் அச்சிட்டார். கவிதை களவுபோவதைப் பற்றி வருந்தும் கவிஞர்க்கு அவர் ஒரு மூத்தார்.

இத்தகைய ஓரங்களைத்தான் முற்காலச் சேகரிப்பாளர் பலர் கத்தரித்து எறிந்தனர். ஆல்பத்தில் அளவாக ஒட்டுவதற்குப் படம் போதும், எழுத்து மிகை என்பது அவர்தம் எண்ணம். அதனினும் கொடியது, படம் நிறைந்த பழைய விவிலியங்களைக் கட்டவிழ்த்துத் தாள் தாளாக விற்கும் வணிகம். ஒரு நூலாக விற்பதினும் நூறு படமாக விற்றால் ஆதாயம் மிகுதி. அவ்வாறு பிரிந்த தாளைக் காசு கொடுத்து வாங்குபவர் அந்நூலின் அழிவில் பங்கு கொள்கிறார். இதில் தயவு தாட்சணியம் வேண்டியதில்லை.

இந்திய மண்ணில் இப்படங்கள் முதலில் பெருமை பெற்ற இடம் மொகலாய அரசவை. 1580இல் ஏசு சபைத் துறவியர், ஆன்ட்வெர்ப்பில் அச்சான பன்மொழி விவிலியத்தை ஃபத்தேப்பூர் சிக்ரியில் அக்பருக்கு அளித்தனர். பிற ஐரோப்பிய அச்சோவியங்களும் தொடர்ந்து வந்தன. 1600ஆம் ஆண்டளவில் அபுல் ஹசன் என்னும் பதின்மூன்று வயதுச் சிறுவன், ட்யூரர் 1511இல் கீறிய சிலுவைக் காட்சியிலிருந்து புனித யோவானின் உருவத்தை மட்டும் தனியே எடுத்து வரைந்தான். அவ்வரைவு இன்று ஆக்ஸ்ஃபோர்டின் அஷ்மோலியன் அருங்காட்சியகத்தில் உள்ளது. ஜகாங்கீரின் ஆல்பங்களில் ஐரோப்பியப் படங்கள் பாரசீகக் கையெழுத்தோடு ஒரே ஏட்டில் இடம்பெற்றன. படத்தைப் படத்தோடும் எழுத்தோடும் சேர்த்து வைத்துப் பார்க்கும் சேகரிப்புக் கலையை இந்நாட்டார் அன்றே அறிந்திருந்தனர்.

தமிழகத்திற்கு ஜெர்மானியர் வந்த கதை வேறு. 1706இல் சீகன்பால்கு தரங்கம்பாடியில் இறங்கினார். அவரை ஆதரித்த ஹாலே நகரத்தார் அனுப்பியவற்றுள் தலையாயது படமன்று, எழுத்து. தமிழ் அச்செழுத்துகள் ஹாலேயில் வார்க்கப்பெற்றுக் கடல் கடந்தன. 1715இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்தது. உருவத்தினும் சொல்லையே பெரிதாக மதித்த சமயநெறி அவர்களுடையது. இருந்தும் இங்குள்ள தெய்வங்களைப் பற்றி அவர்களுக்கு அடங்காத அறியும் வேட்கை இருந்தது. 1713இல் சீகன்பால்கு தென்னாட்டுத் தெய்வங்களின் வழிமுறையை விரிவாக எழுதி ஹாலேக்கு அனுப்பினார். அங்கு அது அச்சேறவில்லை. 1867இல் சென்னையில் கெர்மன் என்பவர் பதிப்பித்த பின்னரே வெளிவந்தது. தமிழ் ஓலைச்சுவடிகளோ ஹாலேயில் பத்திரமாகச் சேர்க்கப்பட்டன.

அவ்வழியில் வந்தவரே ஷ்வார்ட்ஸ் ஐயர். 1762 முதல் 1778 வரை அவர் வாழ்ந்து பணியாற்றியது திருச்சிராப்பள்ளியில். மலைக்கோட்டைத் தெப்பக்குளத்தின் அருகே உள்ள கிறிஸ்து ஆலயம் அவர் முயற்சியால் 1766இல் எழுந்தது. பின்னாளில் லைப்சிக் சங்கத்தின் வழிவந்த தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை 1919இல் உருவாகி, இந்நகரையே தலைமையிடமாகக் கொண்டது. அதே லைப்சிக்கில்தான் ஷ்னோர் என்னும் ஓவியரின் 240 மரச்செதுக்குகள் கொண்ட விவிலியப் படநூல் 1860இல் முற்றுப்பெற்று வெளிவந்தது.

ஷ்வார்ட்ஸின் அன்பில் வளர்ந்த தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி, இப்பகுதியில் ஐரோப்பிய அச்சோவியங்களைத் தேடிச் சேர்த்தவருள் தலைசிறந்தவர். அவர் கையொப்பம் இட்ட ஐரோப்பிய நூல்கள் சரசுவதி மகாலில் உள்ளன. மனித முகத்தையும் விலங்கு முகத்தையும் ஒப்பிடும் லெ ப்ரன் என்னும் பிரெஞ்சு ஓவியரின் படங்களை அங்கே இன்றும் காணலாம். அவர் சேர்த்தது அறிவதற்காக. பெட்டியில் பூட்டுவதற்காக அன்று.

அதே காலத்தில் திருச்சிராப்பள்ளி ஓவியர்கள் எதிர்த்திசையில் ஒரு பணி செய்துகொண்டிருந்தனர். இங்குள்ள தெய்வங்களையும் சாதி, தொழில் வகையினரையும் ஐரோப்பியத் தாளிலும் அப்பிரகத் தகட்டிலும் வரைந்து வெள்ளையர்க்கு விற்றனர். அவ்வகை ஆல்பங்கள் பிரித்தானிய அருங்காட்சியகத்தை அடைந்தன. அங்குள்ள தென்னிந்திய ஓவியங்களுக்கு அன்னா தல்லபிக்கோலா 2010இல் விரிவான அட்டவணை வெளியிட்டார். இவ்வூர்த் தெருக்களில் வரைந்தவற்றை இவ்வூரார் காண இலண்டனுக்குச் செல்ல வேண்டியிருக்கிறது.

இனி, எதிர்பாராத வாயில். மியூனிக் நகரில் அலாய்ஸ் செனஃபெல்டர் என்னும் நாடக ஆசிரியர் இருந்தார். தம் நாடகங்களை அச்சிடப் பொருளில்லை. மலிவான வழி தேடித் தேடி, பவேரியச் சுண்ணாம்புக் கல்லில் மெழுகு கலந்த மையால் எழுதி அச்செடுக்கும் முறையை 1796 தொடங்கிய ஆண்டுகளில் கண்டுபிடித்தார். அதுவே கல்லச்சு. ஓர் எழுத்தாளரின் வறுமையிலிருந்து பிறந்த தொழில், வண்ணத்திற்கு ஒரு கல்லாக வளர்ந்து, நூறாண்டுக்குள் இந்தியத் தெய்வங்களின் வாகனமாயிற்று. 1894இல் ரவிவர்மா பம்பாயில் தொடங்கிய அச்சகம் ஜெர்மானியத் தொழில்நுட்பரைக் கொண்டு நடந்தது; லோனாவ்லாவை அடுத்த மலவ்லிக்கு மாறிய பின், அவருள் ஒருவரான ஃபிரிட்ஸ் ஷ்லைஷருக்கே விற்கப்பட்டது. 1972இல் தீக்கு இரையாகும்வரை அவ்வச்சகத்தின் பெயர் நிலைத்தது. முதல் உலகப் போருக்கு முன் ஜெர்மனியிலேயே அச்சாகிக் கப்பலேறி வந்த இலக்குமியும் கண்ணனும் உண்டு. படத்தின் அடியோரத்தில் அந்நாட்டின் பெயர் சிறிய எழுத்தில் இருக்கும்.

அத்தகைய படங்கள் தமிழகத்து வீடுகள் பலவற்றின் பூசையறையிலும் கூடத்திலும் தேக்குச் சட்டத்துக்குள் தொங்கின. திருவரங்கத்துச் சித்திரை வீதி, உத்திர வீதி வீடுகளும் அவ்வழக்கத்துக்குப் புறம்பானவை அல்ல. புக்ஸ்ஹைமின் கிறிஸ்தோபரைப் போலவே இவையும் பார்த்து வணங்குவதற்காக வந்தவை. விளக்குப் புகை படிந்து, சந்தனமும் குங்குமமும் கண்ணாடியில் காய்ந்து, சில படங்களில் சரிகையும் பாசிமணியும் ஒட்டிய கைகளின் அடையாளத்தோடு அவை வயது முதிர்ந்தன. இப்போது வீடுகள் இடிந்து அடுக்ககங்கள் எழுகின்றன. சட்டத்திற்கு விலை உண்டு, கண்ணாடிக்கு விலை உண்டு, படம் குப்பைக்குப் போகிறது. தப்பியவற்றை வணிகர் துடைத்து, ஓரம் வெட்டி, சரிகையைப் பிய்த்து, புதிதுபோல் ஆக்கி நகரத்து வரவேற்பறைகளுக்கு அனுப்புகின்றனர். ஜெர்மானியச் சேகரிப்பாளர் தம் படங்களுக்கு இழைத்த அதே பிழை இங்கே மறுமுறை நடக்கிறது.

வட்டத்தின் உறுப்பினர் செய்யக்கூடியது பெரிதொன்றுமில்லை. வீடு இடிக்கப்படும் செய்தி கேட்டால் ஒருநாள் முன்னதாகச் சென்று பார்க்கலாம். படம் எந்தத் தெரு, எந்த அறை, யாரால் எந்த நாளில் மாலை சூட்டப்பெற்றது என்பதை வீட்டு முதியோரிடம் கேட்டு எழுதிவைக்கலாம். குங்குமக் கறையைத் துடைக்க வேண்டா. கஞ்சிப் பசையைத் தேடி வரும் இராமபாணப் பூச்சிக்கும் ஆற்றங்கரை ஈரத்திற்கும் அஞ்சி, சுவரிலிருந்து சற்றே விலகி நிற்குமாறு படத்தை மாட்டினால் போதும். நூறாண்டு கடந்த கலைப்பொருளை உரிமமின்றி நாடு கடத்தலாகாது என்று 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் கூறுவதையும் நினைவில் கொள்ளலாம்.

சட்டத்தைக் கழற்ற நேர்ந்தால் பின்பலகையை அவசரப்பட்டு எறிந்துவிட வேண்டா. படத்திற்கும் பலகைக்கும் இடையே தூசு புகாதிருக்கச் சட்டம் போடுவோர் கைக்குக் கிடைத்த பழைய செய்தித்தாளையும் பஞ்சாங்க ஏட்டையும் வைப்பது வழக்கம். அதில் நாள் இருக்கும். நல்வினை இருப்பின், நூலேறாத ஒரு கவிதையும் இருக்கலாம்.