நம் சிறுவர் ஆங்கிலம் பேசக் கற்கும் வழி

(நம் சங்கத்து மாலைப் பாடசாலையின் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்திய உபந்நியாசம்)



இவ்விழாவில் கல்வியைக் குறித்துச் சில வார்த்தைகள் சொல்லுமாறு நமது காரியதரிசியவர்கள் கட்டளையிட்டார்கள். யான் பெரும் புலவனல்லேன். முப்பதாண்டுக் காலம் ஆங்கிலம் கற்பித்து ஓய்வு பெற்ற ஓர் உபாத்தியாயன். ஆதலின் பல பொருள்களைத் தொட்டுச் செல்லாமல், எனக்குத் தெரிந்த ஒரு விஷயத்தையே எடுத்துக்கொள்ளுகிறேன். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் ஆங்கிலப் பாட சாதனங்களை நம் மாலைப் பாடசாலையில் எவ்வாறு பயன்படுத்துவது என்பதே அது. திறன்பலகை வாங்குவதற்காகச் சங்கத்தார் பொருள் திரட்டிவரும் இச்சமயத்தில், இதனை ஆராய்வது அவசியமென்று கருதுகிறேன்.

முதலில் என் அனுபவம் ஒன்றைச் சொல்ல அனுமதிக்க வேண்டுகிறேன். யான் உபாத்தியாயனாவதற்கு முன், 1984-ஆம் ஆண்டில், சென்னையில் ஒரு கம்பெனியின் நேர்முகத் தேர்வுக்குச் சென்றிருந்தேன். ஆங்கில இலக்கணத்தில் வகுப்பில் முதல் மதிப்பெண் பெற்றவன் என்ற கர்வம் எனக்கு நிரம்ப உண்டு. அங்கிருந்த அதிகாரி, இலக்கணம் எதுவும் கேட்டாரில்லை. ரயிலடியிலிருந்து அவ்விடத்துக்கு எந்த வழியாக வந்தேன் என்று மட்டும் ஆங்கிலத்தில் வினவினார். வினா விளங்கிற்று, வந்த வழியும் கண்முன் நின்றது, வாய் மாத்திரம் திறக்கவில்லை. அவர் சற்றுப் பொறுத்துப் பார்த்துவிட்டு, மரியாதையாகவே என்னை அனுப்பிவைத்தார். வீட்டுக்குத் திரும்பிய என்னிடம் என் தந்தையார், “என்ன கேட்டார்கள்?” என்றார். “வழி கேட்டார்கள்” என்று சொல்ல எனக்கு நாணமாக இருந்தது.

நாற்பது ஆண்டுகள் கடந்தும் இந்நிலை முற்றும் மாறிவிடவில்லை. சென்ற வருஷம் நம் பாடசாலையில் பயின்று கல்லூரிக்குச் சென்ற பிள்ளை ஒருவன், வகுப்பில் ஐயம் கேட்க ஆங்கிலம் வராமையால், ஒரு பருவம் முழுதும் வாய் மூடி உட்கார்ந்திருந்து, பின்பு படிப்பையே விட்டுவிடுவதாகச் சொல்லிக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தான். அவன் அறிவிற் குறைந்தவனல்லன். பெரியோர்கள் தேற்றி அவனை மீண்டும் அனுப்பினார்கள். ஆயினும் ஒவ்வொரு பிள்ளையையும் இவ்வாறு தேற்றி அனுப்பிக்கொண்டிருக்க நம்மால் இயலுமா?

இக்குறை எதனால் நேருகிறதென்று பார்ப்போம். ஆங்கிலம் நம் நாட்டில் இரண்டாம் மொழி என்று சொல்லப்படுகிறது. வீட்டிலும் கடைவீதியிலும் கோயிலிலும் தமிழே கேட்டு வளரும் குழந்தைக்கு அது உண்மையில் அந்நிய மொழியே. அதன் அமைப்பும் வேறு. தமிழில் வினைச்சொல் பெரும்பாலும் வாக்கியத்தின் ஈற்றில் நிற்கும். ஆங்கிலத்தில் எழுவாயை அடுத்து நிற்கும். நாம் “மரத்தின் மேல்” என்று பெயருக்குப் பின் வைப்பதை அவர்கள் பெயருக்கு முன் வைப்பார்கள். இம்மாற்றங்களை விதியாக நெட்டுருச் செய்வது ஒன்று. பேசும் விநாடியில் அவை தாமே வந்து நிற்பது மற்றொன்று. பின்னையது பழக்கத்தாலன்றிக் கைகூடாது.

சொற்பஞ்சமே காரணம் என்பாரும் உளர். அது சரியன்று. சி. கே. ஆக்டன் என்னும் ஆங்கிலேயர் 1930-ஆம் ஆண்டில் வெளியிட்ட அடிப்படை ஆங்கிலத்தில் 850 சொற்களே இருந்தன. வங்காளத்தில் கல்வித் துறையில் நெடுநாள் உழைத்த மைக்கேல் வெஸ்ட் என்பார் 1953-இல் வெளியிட்ட பயன்பாட்டுச் சொற்பட்டியலில் ஏறக்குறைய 2,000 சொற்கள் அடங்கும். அமெரிக்க வானொலியொன்று 1959-இல் தொடங்கிய எளிய ஆங்கிலச் செய்தி நிகழ்ச்சி, சுமார் 1,500 சொற்களைக் கொண்டே உலகச் செய்திகளைக் கூறிவந்தது. நம் பிள்ளைகள் பத்தாம் வகுப்புக்குள் படித்துக் கடக்கும் சொற்கள் இவற்றிற்குப் பெரிதும் குறைந்தனவாகா. ஆகவே பெட்டியில் பணம் இருக்கிறது. எடுத்துச் செலவழித்துப் பழக்கமில்லை என்பதே உண்மை.

இனி, இணையத்திலுள்ள சாதனங்களைப் பார்ப்போம். பி.பி.சி. வானொலி 1943-ஆம் ஆண்டிலேயே ஆங்கிலப் பாடங்களை ஒலிபரப்பத் தொடங்கிற்று. அதன் வழிவந்த பாடங்களை இன்று கைப்பேசியில் வேண்டும்பொழுது கேட்கலாம். அவற்றுள் ஆறு நிமிஷ அளவே கொண்ட உரையாடல்கள், எழுத்து வடிவத்தோடும் கிடைக்கின்றன. பிரிட்டிஷ் கௌன்ஸில் நிறுவனம், மாணவர்க்கென ஒரு தளமும் ஆசிரியர்க்கென ஒரு தளமும் நடத்துகிறது. 2005-இல் தொடங்கிய லிப்ரிவாக்ஸ் தளத்தில், பதிப்புரிமை நீங்கிய நூல்களைத் தொண்டர்கள் வாசித்த ஒலிப்பதிவுகள் உள்ளன. பிரதம் புக்ஸ் நிறுவனத்தார் 2015-இல் ஏற்படுத்திய ஸ்டோரிவீவர் தளத்தில், படங்களோடு கூடிய சிறுவர் கதைகளை எவரும் இலவசமாகப் படிக்கலாம், அச்சிடலாம். ஒரே கதை தமிழிலும் ஆங்கிலத்திலும் கிடைப்பது நமக்கு மிகவும் அநுகூலம். 2018 முதல் வெளிவந்த தமிழ்நாட்டுப் புதிய பாடநூல்களிலும், கைப்பேசியாற் படித்துப் பாடக்காட்சிகளைக் காண்பதற்கான குறியீடுகளை அச்சிட்டிருக்கிறார்கள்.

இத்தனை செல்வம் இருந்தும் பயன் குறைவாயிருப்பது ஏன்? நம் பாடசாலையிலேயே சென்ற ஆண்டு நடந்ததைச் சொல்லுகிறேன். நன்கொடையாக வந்த கைக்கணினிகளைப் பிள்ளைகளிடம் கொடுத்தோம். அவர்கள் ஆவலோடு பார்த்தார்கள், சரியான விடையைத் தொட்டார்கள், மணி ஒலித்தது, மகிழ்ந்தார்கள். மூன்று மாதம் சென்றபின், “நேற்று என்ன செய்தாய்?” என்று யான் ஆங்கிலத்திற் கேட்டபோது, எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கருவியின்மேற் குற்றமில்லை. அதனைத் தொட்டாற் போதும், பேச வேண்டுவதில்லை. பேச வேண்டிய அவசியம் இல்லாத இடத்தில் பேச்சு எப்படிப் பிறக்கும்?

நம் தென்னாட்டிலேயே இதற்கு விடை தேடிய பெரியார் ஒருவர் உளர். என். எஸ். பிரபு என்பார் 1979 முதல் 1984 வரை, பெங்களூர், சென்னை முதலிய இடங்களிற் சில சாதாரணப் பாடசாலைகளில் ஒரு பரீட்சை நடத்தினார். இலக்கண விதிகளை வரிசையாகக் கற்பிப்பதை விடுத்து, மாணவர்க்குச் சிறு சிறு காரியங்களைக் கொடுத்தார். தேசப்படத்தைப் பார்த்து வழி கண்டுபிடித்தல், ரயில் நேர அட்டவணையைக் கொண்டு பிரயாணத்தைத் திட்டமிடுதல் போன்றவை அவை. ஆசிரியர் முதலில் அத்தகைய காரியமொன்றை வகுப்பு முழுவதோடும் வினாவும் விடையுமாகப் பேசிச் செய்து காட்டுவார். பின்பு மாணவர் தாமே ஒன்றைச் செய்வர். மனம் பொருளில் ஈடுபட்டிருக்கும்போதே மொழியின் அமைப்பு உள்ளே படியும் என்பது அவர் கொள்கை. இம்முயற்சியை 1985-இல் ஆராய்ந்தவர்கள் ஓரளவே சாதகமான முடிவு கூறினார்கள். அதனை மிகைப்படுத்திச் சொல்ல யான் விரும்பவில்லை. ஆயினும் 1987-இல் வெளிவந்த அவருடைய நூல் பல தேசத்து ஆசிரியர்களுக்கு வழிகாட்டியாயிற்று.

அவர் காட்டிய கருத்து எளியது: பேச்சுக்கு ஓர் இடைவெளி வேண்டும். எனக்குத் தெரிந்தது உமக்குத் தெரியாதாயின், அது செய்தி இடைவெளி. தெரிந்தவற்றைக் கொண்டு தெரியாததை ஊகித்தறிய வேண்டுமாயின், அது ஊக இடைவெளி. என் விருப்பம் ஒன்றும் உமது விருப்பம் வேறுமாயின், அது கருத்து இடைவெளி. இடைவெளி இருந்தால் அதனைக் கடக்க மொழி என்னும் பாலம் வேண்டும். இணையத்தில் எடுத்த எந்தச் சாதனத்தையும், இத்தகைய இடைவெளி ஒன்று உண்டாகும்படி அமைத்துக்கொண்டு வகுப்புக்குக் கொண்டுவருதல் வேண்டும். இதுவே யான் இன்று சொல்ல வந்த விஷயம்.

உதாரணங்கள் சில காட்டுகிறேன். 2004-இல் தொடங்கிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்னும் இலவசத் தேசப்படத் தளத்திலிருந்து நம் ஊர்ப் படத்தை இரண்டு பிரதி எடுங்கள். ஒன்றில் தபாலாபீசையும் மருத்துவமனையையும் மறைத்துவிடுங்கள். மற்றொன்றில் நூல்நிலையத்தையும் பேருந்து நிலையத்தையும் மறைத்துவிடுங்கள். இரு பிள்ளைகளை முதுகோடு முதுகாக உட்காரவைத்து, ஒருவரையொருவர் ஆங்கிலத்திற் கேட்டு விடுபட்ட இடங்களைக் குறிக்கச் சொல்லுங்கள். கேளாமல் குறிக்க இயலாது, சொல்லாமல் விளங்காது. அடுத்து ரயில் அட்டவணையைக் கொடுத்து, காலை பத்து மணிக்கு மதுரையில் இருக்க வேண்டுமாயின் எந்த வண்டியில் ஏறுவது, ஏன், என்று கேளுங்கள்.

மேற்கூறிய ஆறு நிமிஷ உரையாடலில் ஐந்து வாக்கியங்களை மட்டும் எடுத்து, இயல்பான வேகத்தில் இருமுறை ஒலிக்கச் செய்யுங்கள். பிள்ளைகள் காதில் விழுந்த சொற்களை மட்டும் குறித்துக்கொள்ளட்டும். பின்பு நால்வர் கூடி, தத்தம் குறிப்புகளைச் சேர்த்து, அப்பகுதியை மீண்டும் அமைக்கட்டும். இறுதியில் மூலத்தோடு ஒப்பிடட்டும். ஆஸ்திரேலிய ஆசிரியை ரூத் வைன்ரிப் 1990-இல் தம் நூலில் விளக்கிய முறை இது. எந்த விகுதி விட்டுப்போயிற்று என்று பிள்ளைகள் தாமே வாதாடும்போது, யான் ஒரு மாதம் கரும்பலகையில் எழுதியது ஒரு நாளில் விளங்கிவிடக் கண்டிருக்கிறேன்.

ஸ்டோரிவீவர் கதையொன்றை நான்கு துண்டாக்கி, நால்வர்க்கு ஒவ்வொன்றாகக் கொடுங்கள். ஒருவன் துண்டை மற்றவன் பார்த்தலாகாது. நால்வரும் சொல்லிக்காட்டினாலன்றிக் கதை முழுமை பெறாது. இதையொத்த முறையொன்றை எலியட் ஆரன்சன் என்பார் 1971-இல் அமெரிக்காவில் ஆஸ்டின் நகரப் பாடசாலைகளிற் கையாண்டார். நிற வேற்றுமையாற் பிரிந்திருந்த குழந்தைகள் அப்பொழுதுதான் ஒரே வகுப்பில் சேர்க்கப்பட்டிருந்தார்கள். அவர்களிடையே பகைமையைக் குறைப்பதே அவர் நோக்கம். நம் மாலைப் பாடசாலையிலும் எல்லா வகுப்புப் பிள்ளைகளும் வந்து படிக்கிறார்கள். ஒருவன் கையிலுள்ள துண்டு இன்றேல் மற்றவன் கதை நிறைவேறாது என்பதை அவர்கள் இளமையிலேயே உணருவது, ஆங்கிலத்தினும் பெரிய பாடமாகும்.

உச்சரிப்புக்கும் ஒரு விளையாட்டுண்டு. கடலைக் குறிக்கும் “ஸீ” என்பதும், அவளைக் குறிக்கும் “ஷீ” என்பதும் நம் பிள்ளைகள் வாயில் மயங்குகின்றன. இணைய அகராதியின் ஒலியை முதலிற் கேட்கச் செய்து, பிறகு ஒரு பிள்ளையைச் சொல்லச் சொல்லுங்கள். முன்னதாயின் மற்றவர் வலக்கையும், பின்னதாயின் இடக்கையும் தூக்கட்டும். கைகள் மாறித் தூக்கப்பட்டால், சொன்னவனே தன் பிழையை அறிந்து திருத்திக்கொள்வான். ஆசிரியர் அதட்ட வேண்டுவதில்லை.

சிலர் ஆக்ஷேபிக்கக்கூடும். “நம் ஆசிரியர்களுக்கே சரளமாக ஆங்கிலம் வராதே” என்பார்கள். மேற்சொன்னவற்றில் ஆசிரியர் பேசுவது சிறிது. பிள்ளைகள் பேசுவதே பெரிது. நல்ல உச்சரிப்புக்கு ஒலிப்பதிவு இருக்கிறது. “பிழையாகப் பேசுவார்களே” என்பார்கள். பேசி முடித்தபின் திருத்துங்கள். நடுவில் மறித்தால் மறுமுறை வாய் திறவான். “தமிழ் கெடுமே” என்பார்கள். செய்ய வேண்டிய காரியத்தைத் தமிழிலேயே விளக்குங்கள். கதையை முதலில் தமிழில் நன்றாகச் சொல்லச் செய்யுங்கள். தாய்மொழியில் ஒழுங்காகச் சொல்லத் தெரிந்தவனே வேற்றுமொழியிலும் சொல்லுவான்.

ஆகவே சங்கத்தாரிடம் மூன்று விண்ணப்பங்கள். திரட்டிய பொருளில் ஒரு பாகத்தைத் திறன்பலகைக்குச் செலவிடுவதாயினும், மற்றொரு பாகத்தைப் படித்து வீட்டிலிருக்கும் நம் இளம் பெண்கள் இருவரை ஊதியத்தோடு ஆசிரியைகளாக அமர்த்தவும், காகிதமும் அச்சும் வாங்கவும் ஒதுக்குங்கள். ஒவ்வொரு மாலையும் இருபது நிமிஷம், பிள்ளைகள் தம்முள் ஆங்கிலத்திற் பேசுவதற்கென்றே விடுங்கள். பெற்றோர்களே! குழந்தை தப்புந் தவறுமாகப் பேசினால் நகையாதீர்கள். நகைப்புக்கு அஞ்சி மூடிய வாயைத் திறப்பது எவ்வளவு கடினமென்பதை யான் அறிவேன்.

வருகிற ஆண்டு விழாவில், நெட்டுருப் பண்ணிய ஆங்கிலப் பிரசங்கம் நமக்கு வேண்டாம். வெளியூரிலிருந்து வரும் விருந்தினர் எவரேனும் நம் பிள்ளைகளுள் ஒருவரை அழைத்து, பேருந்து நிலையத்திலிருந்து இம்மண்டபத்துக்கு எவ்வழியாக வருவதென்று ஆங்கிலத்திற் கேட்கட்டும். அக்குழந்தை தடுமாறாமல் வழி சொல்லக் கேட்பேனாயின், 1984-இல் யான் சொல்லாமல் விட்ட விடை சொல்லப்பட்டதாகவே மகிழ்வேன்.